கேன்சல்

டப்பியில் வந்தது மிளகளவு சதை, நான்கு துண்டு.
சீட்டில் அரபியில் பெயர்: சஃபரியம்மா.
ஆங்கிலம் சுற்றி அரபிக்குப் போனதில்
வகரம் வழியில் தேய்ந்திருக்க வேண்டும்.
சவரியம்மாளாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.
எங்கள் காயல்பட்டினத்தில் சபர் என்றால் பயணம்.

வயது ஐம்பத்து மூன்று. தொழில், வீட்டு வேலை.
மூத்திரப்பையில் கட்டி, மஞ்சள் தட்டுகள், ரத்தம்.
கீழே கேன்சர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
கேள்விக்குறியை யாரும் வாசிப்பதில்லை.
ஞாயிற்றுக்கிழமை பையையே எடுத்துவிடத் தேதி குறித்தாயிற்று.
அதற்கும் முந்திக்கொண்டு மேடம்
ஏஜென்சிக்குப் போன் போட்டுவிட்டாளாம்.
இந்த ஃபஹாஹீலில்
கேன்சருக்கும் கேன்சலுக்கும் கடைசி ஒற்றுதான் வித்தியாசம்.
ஒன்று உடம்பில் விழுந்தால்
மற்றது விசாவின் மேல் விழும், குறுக்கே.

மெழுகில் புதைத்து, ஆறவிட்டு,
நான்கு மைக்ரான் கனத்தில் சீவினேன்.
வெந்நீரில் நாடாவாக மிதந்தது
ஒருத்தி பத்தொன்பது வருடம் அடக்கிய அடக்கம்.
(அப்போது எனக்குத் தெரியாது.
வேலைக்காரர் கக்கூஸ் வில்லாவின் பின்பக்கம்,
சாவி மேடத்தின் கைப்பையில்,
மேடம் பெரும்பாலும் அவென்யூவில், தூக்கத்தில், மாமியார் வீட்டில்.)
அடக்கம் என்று
நல்ல பெண்ணுக்கும் சொல்கிறோம், மையத்துக்கும் சொல்கிறோம்.

டாக்டர் நிஹால், தந்தா ஊர்க்காரி,
தேநீர் ஆறி ஏடு கட்டும் வரை
தலையை நிமிர்த்தவில்லை.
பிறகு சொன்னாள்: "யா ருகையா, வந்து பார்.
இது அவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.
அவன் இல்லை."

குனிந்தேன்.
ஊதிப்போன செல்கள், இளஞ்சிவப்பில்,
பந்தி முடிந்தும் எழ முடியாமல்
சஹனைச் சுற்றியே உட்கார்ந்திருப்பவர்களைப் போல.
கிருமியை விழுங்கியிருக்கின்றன, செரிக்கக் கூடவில்லை.
அங்கங்கே ஒரு வட்டம், வட்டத்துக்குள் இன்னொன்று,
இமைக்காத ஆந்தைக் கண்.
"சுண்ணாம்பு படிந்திருக்கிறதா பார்."

சுண்ணாம்பைக் காட்ட வெள்ளி நைட்ரேட் வேண்டும்.
வெள்ளி கறுக்க வெளிச்சம் வேண்டும்.
அதற்கென்று இருந்த பல்பு ஜனவரியிலேயே போய்விட்டது,
புது பல்புக்கான விண்ணப்பம் மூன்றாவது மேசையில் தூங்குகிறது.
ஜன்னல் இருந்தது.
மூன்று நாள் புழுதி அன்றுதான் அமர்ந்திருந்தது.
சாரத்தில் நிற்பவனைச் சுருட்டிக் கீழே போடுகிற வெயில்,
கார் ஸ்டியரிங்கைத் தொடவிடாத வெயில்,
அதனிடம் ஒரு கண்ணாடித் துண்டை ஒப்படைத்துவிட்டு
லுஹர் தொழப் போனேன்.

திரும்பி வந்தபோது கண்கள் கறுத்திருந்தன,
ஒவ்வொன்றுக்கும் யாரோ சுர்மா இட்டதைப் போல.

"மலக்கோபிளேக்கியா" என்றாள்.
முதல் பாதிதான் என் காதில் ஏறியது. மலக்கு.
வானவரையா சொல்கிறாள்?
கிரேக்கத்தில் மென்மை என்று அர்த்தமாம், மெத்தென்ற தட்டு.
ஒரு வீட்டையே நடுங்க வைத்ததற்கு
இப்படி ஒரு பெயர்.

அவள் மாடிக்குப் போன் செய்தாள்.
மளமளவென்று எகிப்து அரபி, நடுவே தெளிவாக,
"ஆபரேஷன் கேன்சல்."
பதினொரு வருடத்தில்
அந்தச் சொல் எனக்கு இனித்தது அன்று ஒரு நாள்.

ஆய்வகத்துக்காரிக்கு ஆள் முகம் தெரியாது, துண்டுதான் தெரியும்.
ஆனாலும் மருந்துக் கவுண்டர் வரிசையில்
எனக்கு முன்னால் ஒருத்தி
தமிழில் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள், இடிந்தகரைப் பேச்சு.
"சவரியம்மாவா?"
பயந்துபோய்த் திரும்பினாள்.
புற்று இல்லை, மாத்திரையிலேயே கரையும்,
மாதக் கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும் என்றேன்.
அழவில்லை. சீட்டின் கடைசி வரியை விரலால் தொட்டு
"இது என்ன போட்டிருக்கு?"
தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் என்றேன்.

"மூணா?"
உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டாள்.
"குடிச்சிருவேம்மா.
பெறவு எங்க போறது?"